மூன்று இடத்தில் இருந்த வெடிப்பு

எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த ஷீபா போன வாரம் போன் செய்தாள். "சாரே, இப்ப இருக்கற சிங்க் சர்வீசும் நிறுத்தப் போறாங்களாம். மெயில் வந்திருக்கு. பழசை நிறுத்தினப்ப நீங்க என்ன புரொசீஜர் செஞ்சீங்களோ, அதை அப்படியே செஞ்சா மதி, போதும்னு மேனேஜர் சொல்றார்."

அதை மட்டும் அப்படியே செய்துவிட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுதத் தொடங்கினால் நீளமாகப் போகிறது. வேலையில் இருந்தபோது எதையும் ஒரு பக்கத்துக்குள் கேட்பார்கள். இப்போது அப்படிக் கேட்க ஆள் இல்லை என்பது ஓய்வுபெற்றதில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.

அந்தப் பழைய சேவையின் பெயரை எழுதப் போவதில்லை. செத்துப்போனதைப் பெயர் சொல்லித் திட்டி ஒன்றும் ஆகாது. அது செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு கோப்புறை இருக்கும். அதில் எதைப் போட்டாலும், அதே கணக்கில் சேர்ந்த மற்ற கம்ப்யூட்டர்களின் கோப்புறையிலும் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரிடத்தில் ஒரு எழுத்தை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். எல்லாம் ஒன்றுபோல ஆனதும் திரையின் மூலையில் பச்சையாக ஒரு டிக் விழும். எஸ்டேட்டில் எல்லோரும் அதைப் 'பொதுப்பெட்டி' என்றார்கள். பஸ் கண்டக்டரிடம் காகிதக் கட்டைக் கொடுத்தனுப்பி, அது மழையில் ஊறிப் பாலக்காடு போய்ச் சேர்ந்த காலத்தைப் பார்த்த எங்களுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. எனக்கும்தான்.

என் படிப்பு பாலக்காட்டுச் சித்தூரில், இயற்பியல். வேலை சின்னக்கானலில், ஒரு தேயிலைக் கம்பெனியின் சர்வே பிரிவில். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணார் என்று மாறி மாறிக் காது அடைக்க மேலே போனால் அந்த ஊர் வரும். முதல் சில வருஷங்கள் சங்கிலி இழுத்தேன், மசியில் வரைபடம் போட்டேன், அட்டைக்கடி வாங்கினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சர்வே பிரிவு என்ற பலகையைக் கழற்றிவிட்டு ஆவணப் பிரிவு என்று ஒன்றை மாட்டினார்கள். பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆள் மாறவில்லை.

பொதுப்பெட்டி மூன்று இடத்தில் இருந்தது. ஒன்று, டிவிஷன் மஸ்டர் ஆபீஸ். காலையில் தொழிலாளர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சின்னக் கட்டடம். இரண்டாவது, எஸ்டேட் பெரிய ஆபீஸில் என் மேசை. மூன்றாவது, பாலக்காட்டில் மண்டல அலுவலகம். அதில் பலதும் இருந்தன. யாருக்காவது உண்மையில் தேவைப்பட்டவை ஏழாம் லைன் படங்கள் மட்டும்.

லைன் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை. ஏழாம் லைன் சரிவில் இருந்தது. அடுக்களைகளுக்குப் பின்னால், மேட்டுப் பக்கம், மண்ணில் ஒரு வெடிப்பு நீளமாக ஓடியது. வெயில் காலத்தில் கோழிக்குஞ்சு விழுந்தால் எடுக்க முடியும். மழைக்குப் பிறகு கோழியே விழும். அங்கே கடைசி வீட்டில் இருந்தவர் ஞானராஜ், டிவிஷன் சூப்பர்வைசர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். ஞானராஜ் ஒருநாள் என் மேசைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, நீங்க சர்வே பாத்தவுக. அந்த வெடிப்பு அப்படியே கெடக்கா, இல்ல வாயப் பொளக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

கேள்வி சரியானது. வெடிப்பு இருப்பது ஆபத்தா என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது நகர்கிறதா என்பதுதான் விஷயம். அது ஒருநாளில் தெரியாது. மாதக்கணக்கில், மழைக்காலம் மழைக்காலமாகப் பார்க்க வேண்டும்.

வெடிப்பின் இரண்டு பக்கமும் பாறை தட்டுப்பட்ட இடங்களில் இரும்பு ஆணி அடித்தோம். வீட்டுப் பக்கம் சிமென்டில் ஒரு சின்னத் தூண் எழுப்பி, போனைச் சொருகி வைக்க அதில் ஒரு பள்ளம் விட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆலயம் முடிந்து வந்ததும், இரண்டு ஆணிகளுக்கும் நடுவே டேப்பை இழுத்துப் பிடித்து ஒரு படம். இரண்டு ஆணியும் படத்துக்குள் இருக்க வேண்டும், டேப்பின் எண் தெரிய வேண்டும். டேப்பைப் பிடிக்கிற வேலை ஞானராஜின் மனைவி எஸ்தருக்கு.

"எங்க கலியாணத்துக்கு எடுத்த போட்டோ ஒண்ணே ஒண்ணு," என்று எஸ்தர் என்னிடம் சொல்வார். "பொண்டாட்டி மொகத்தத் திரும்பி எடுத்ததில்ல. இந்த ஓட்டைய மாசாமாசம் எடுக்காரு ஐயா."

"நீ அப்படியேதானட்டி இருக்க? அது மாறுதுல்லா?" என்பார் ஞானராஜ்.

"நானா அப்படியே இருக்கேன்? ஐயா, இவரு கண்ணுக்கு முதல்ல டேப்பு வச்சுப் பாருங்க."

படம் எடுத்ததும் மஸ்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனில் இடம் போதாது என்று அதிலிருந்து அழித்துவிடுவார். அளவைத் தாளில் எழுதி வைக்கவில்லையா என்று கேட்கலாம். டிவிஷன்களில் இனிக் காகிதம் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. படங்களைப் பார்த்து நான் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அதுவும் அதே பெட்டியில்தான் இருந்தது.

சில மழைக்காலங்கள் இப்படிப் போயின. வெடிப்பு நகர்ந்துகொண்டிருந்தது. கோடையில் நின்று, மழையில் நகர்ந்து, மறுபடி நின்று, முந்தைய மழையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தது. லைனை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதினோம். மாவட்ட நிலவியல் அதிகாரி வந்து பார்த்துச் சான்று கொடுத்தால் ஃபேக்டரிக்குப் பக்கத்துச் சமநிலத்தில் இடம் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. கடிதத்தோடு மாதிரிக்கு இரண்டு படங்களை மெயிலில் அனுப்பினேன். மொத்தத்தையும் நேரில் காட்டலாம் என்று முடிவானது. அதிகாரி வருகிற மாதமும் குறித்தாயிற்று. ஏழாம் லைனில் யாருக்கு எந்த வீடு என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. எஸ்தர் கிணற்றுக்குப் பக்கத்து வீடு வேண்டும் என்று ஜெபத்தில் வைத்திருந்தார்.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. எங்களோடு பயணித்ததற்கு நன்றி சொல்லி, குறிப்பிட்ட தேதியோடு சேவை நிறுத்தப்படுகிறது, அதற்குள் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. அவ்வளவு இனிமையாக யாரும் என்னை வெளியே போகச் சொன்னதில்லை.

இனி ராமநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டல அலுவலகத்தின் தலைவர், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். மனுஷர் நேர்மையானவர். கம்பெனிக் காரில் குடும்பத்தை ஏற்றியதில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஆறும்வரை காத்திருந்து குடித்துவிட்டுத்தான் முதல் ஃபைலைத் திறப்பார். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுக்கக் கேட்பார். மறுக்கப் போகிறார் என்றால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். கைக்குட்டை வெளியே வந்தால் நாம் ஃபைலை மூடிக்கொள்ளலாம். கம்பெனியின் விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கும் மனப்பாடம். வித்தியாசம் என்னவென்றால், அவர் அவற்றை நம்பினார்.

பொதுப்பெட்டி வந்த புதிதிலேயே, அதிலுள்ளதைத் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து வைக்க அனுமதி கேட்டிருந்தேன்.

"மூணு எடத்தில இருக்கே ஓய். நாலாவது எதுக்காக்கும்?"

"மூணு எடத்துல இருக்கறது ஒண்ணுதானுங்க சார். மூணு கண்ணாடி முன்னால நின்னா நாம மூணு பேர் ஆயிருவமுங்களா? நாம நகந்துட்டா மூணுலயும் ஆள் இருக்காதுங்க."

"உதாரணம் நன்னாருக்கு," என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார்.

மூடல் அறிவிப்பு வந்ததும் மறுபடி போய் நின்றேன். முதலில் பாலக்காட்டுக் கம்ப்யூட்டரின் இணைய வயரைக் கழற்ற வேண்டும். பிறகு அதில் இருப்பதை டிஸ்க்கில் எடுக்க வேண்டும். எடுத்ததைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் டிவிஷன்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதை எழுதியே கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டார்.

"ஒரு டிவிஷனை மூடறச்சே மேனேஜர் பங்களாவையா மொதல்ல காலி பண்ணுவா? லைன் மொதல்ல. ஃபேக்டரி அப்பறம். பங்களா கடைசி. அதாக்கும் முறை."

"இது கட்டடம் இல்லீங்க சார்."

"இங்க மொதல்ல வயரைக் கழட்டிட்டா, டிவிஷன்காரா கடைசி நாள் வரைக்கும் போடற ஃபைல் இங்க எப்படி வரும்? அது விட்டுப்போயிடாதோ? அதுக்கு உம்மகிட்ட என்ன பதில்?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் கண்ணாடி ஏற்கெனவே கையில் இருந்தது.

சுற்றறிக்கை அவர் பாணியில் போயிற்று. ஒவ்வொரு டிவிஷனும் பொதுப்பெட்டியில் தன் பங்கை முறைப்படி ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்று பெற வேண்டும். டிவிஷன்கள் முடிந்ததும் எஸ்டேட் ஆபீஸ், கடைசியாக மண்டல அலுவலகம். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அனுப்பிய இடம்தான் எஸ்டேட்.

எஸ்டேட்டில் ஒப்படைப்பது என்றால் என்ன என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. வேலையிலிருந்து நிற்கிறவர் லைன் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சும்மா பூட்டிச் சாவியைக் கொடுத்தால் சான்று கிடைக்காது. சாமான் எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்க வேண்டும். அடுப்புச் சாம்பலை அள்ள வேண்டும், தரையைக் கழுவ வேண்டும். ஃபீல்டு ஆபீசர் வந்து வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். அவர் கண்ணில் ஒன்றும் படக் கூடாது. ஒரு விளக்குமாறு விட்டுப்போனாலும் அடுத்த லைன் வரைக்கும் பேச்சு நாறும். நல்ல குடும்பம் என்பதற்கு அந்த மலையில் முதல் அடையாளமே, அது விட்டுப்போன வீடு வெறுமையாகப் பளிச்சென்று இருப்பதுதான்.

ஞானராஜ் நல்ல குடும்பம்.

ஒப்படைப்பு நாளில் நான் பாலக்காட்டில் இருந்தேன். மேற்பார்வைக்கு என்று ராமநாதன் சார் என்னைக் கீழே வரச் சொல்லியிருந்தார். காலை வெந்நீர் முடிந்து, அவர் ஏதோ ஃபைலில் இருந்தார். நான் பக்கத்து மேசையில் ஏழாம் லைன் படங்களைத் திறந்து, அதிகாரிக்குக் காட்டுவதற்கு வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசை திரையிலிருந்து போயிற்று. கண் கூசுகிறது என்று நினைத்தேன். அடுத்த வரிசை போயிற்று. மலையில் இணைப்பு மெதுவாக இருக்கும். அதனால் அவை ஒரேயடியாகப் போகவில்லை. யாரோ பொறுமையாகக் கூடையில் பொறுக்கிப் போடுவதுபோல் ஒவ்வொன்றாகப் போயின.

நான் மேசைக்கு அடியில் புகுந்தேன்.

"என்ன ஓய், கீழ என்ன தேடறீர்?"

"வயருங்க சார்! நெட்டு வயரு எதுங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எதையும் பிடுங்கப்படாது, கேட்டேளா?"

முதலில் பிடுங்கியது பிரிண்டரின் வயர். இரண்டாவதாகப் பிடுங்கியதுதான் சரியானது. தலையில் இடித்துக்கொண்டு எழுந்து பார்த்தேன். கோப்புறைகள் ஆங்கில அகர வரிசையில் போயிருந்தன. வெடிப்புப் படங்கள் முன்னால் இருந்தவை, ஒன்றுகூட மிச்சமில்லை. அட்டவணையும் இல்லை. டிவிஷனின் ஓணம் விழாப் படங்கள் பின்னால் இருந்ததால் முழுமையாகத் தப்பின. கயிறு இழுக்கும் போட்டியில் ஃபேக்டரி அணி ஜெயித்ததற்கு இன்றும் ஆதாரம் இருக்கிறது.

என் போன் அடித்தது. "ஐயா, ஞானராஜ் பேசுதேன். ஏழாம் லைன் பெட்டிய சுத்தமா ஒழிச்சாச்சு. கம்ப்யூட்டருக்குள்ள அந்தக் குப்பத்தொட்டி இருக்குல்லா, அதையும் காலி பண்ணிட்டேன். குப்பையோட குடுக்கக் கூடாதுல்லா? மிஷினத் தொடச்சும் வச்சிருக்கேன். சார்ட்ட சொல்லிச் சான்று போட்டுருங்கய்யா."

"எல்லாத்தையும் வேற எங்கயாச்சும் எடுத்து வச்சீங்களா?"

"எதுக்குய்யா? உங்க ஆபீஸ்லயும் பாலக்காட்டுலயும் இருக்குல்லா. நம்ம வீட்ட மட்டும்தான காலி பண்ணேன்?"

சரிங்க ஞானராஜ் என்றேன். பக்கத்தில் ராமநாதன் சார் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கைக்குட்டையைத் தேடாமல் அதைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு செய்ததெல்லாம் நடைமுறை. சேவையின் வலைத்தளத்தில் அழித்தவற்றை மீட்கும் பொத்தான் இருந்தது. மூடல் அறிவிப்புக்குப் பிறகு அது சாம்பல் நிறமாகி அமுங்காமல் கிடந்தது. அவர்களுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது, எங்கள் சேவை உங்களுக்கு எவ்வளவு திருப்தியளித்தது என்று. மஸ்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஸ்டோர் ஆட்கள் அன்றே, விதிப்படி, முழுக்க அழித்துப் புதிதாக்கியிருந்தார்கள். பாலக்காட்டுக் கம்ப்யூட்டரைக் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குத் தூக்கிப்போனேன். அவர்கள் மீட்டுத் தந்த படங்களில் மேலே கொஞ்சம் வானம் இருந்தது. கீழே பாதி வெறும் சாம்பல் நிறம். மலையேறிப் போய் என் மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஏழாம் லைன் கோப்புறையே அங்கே இல்லை. மூலையில் பச்சை டிக் இருந்தது. எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று அர்த்தம்.

ஞானராஜிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் அடுக்களைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஆகுமா, அப்படி எப்படி ஆகும், நான் என் பங்கத்தானே எடுத்தேன் என்று ஒரே விஷயத்தை மாற்றி மாற்றிக் கேட்டார். எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அப்ப இத்தன நாளா இவரு எடுத்தது?"

"இல்லீங்கம்மா."

"போட்டோதான போச்சு? வெடிப்பு இருக்குல்லா? அத வந்து பாக்கச் சொல்லுங்க."

குறித்தபடி நிலவியல் அதிகாரி வந்தார். இளம்பெண், கோட்டயம் பக்கம். காலணியைச் சேறாக்கிக்கொள்ளத் தயங்காதவர். வெடிப்பின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நான் மெயிலில் அனுப்பியிருந்த இரண்டு படங்களைப் போனில் பெரிதாக்கினார். மெயில் அவற்றைச் சுருக்கியிருந்தது. ஒன்றில் டேப்பின் எண் தெரிந்தது. மற்றதில், முதல் வருஷத்துப் படத்தில், வெறும் மங்கல்.

"விரிசல் இருக்கு, அது கண்ணுக்குத் தெரியுது," என்றார். "பக்ஷே அது நகருதா, பண்டே நகர்ந்து நின்னு போனதா? அதுக்கல்லே படம் கேக்கறது."

"நகருதும்மா! நான் எடுத்தேன்லா!" என்று ஞானராஜ் முன்னால் வந்தார். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எழுதிக்கிடுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். முதல் படத்தில் இவ்வளவு, அடுத்த மழைக்கு இவ்வளவு. அதிகாரி எழுதினார். கொஞ்சம் போனதும் ஞானராஜ் நின்று, இல்லை, அது அதுக்கு முந்தின வருஷம் என்றார். திருத்தினார். மறுபடி திருத்தினார். எண் தெரிந்த அந்த ஒரு படத்தோடு அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஞானராஜ் சொன்னது ஒத்துப்போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஆணிகள் பாறை கிடைத்த இடத்தில் அடித்தவை, தொடக்கத்து இடைவெளி முழு எண் இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. நான் அட்டவணையை நம்பினவன். அதிகாரியின் பேனா எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. பார்த்தபோது அது மூடியிருந்தது.

"நான் உங்களை நம்பறேன் சேட்டா," என்றார் அவர். "என் ரிப்போர்ட்டைப் படிக்கிறவங்க நம்பணுமே."

புதிதாகத் தொடங்கச் சொன்னார். இரண்டு முழு மழைக்காலம். போன் அதே தூணில், அதே இடத்தில் இருக்க வேண்டும். இடத்தை மாற்றினால் அது வேறு வரிசை, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அந்த விதியை அவர் புதிதாகக் கொண்டுவரவில்லை. கடிதத்தோடு நான் வைத்திருந்த செயல்முறைக் குறிப்பில் நானே எழுதியது அது. நல்ல குறிப்பு என்று பாராட்டினார்.

எஸ்தர் அன்று எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். பிறகு டேப்பைத் துடைத்துச் சுருட்டி வைத்தார்.

ராமநாதன் சார் ஓய்வுபெறுவதற்கு முன் ஒருமுறை மலைக்கு வந்தார். கேட்காமலே ஏழாம் லைனுக்குப் போகலாம் என்றார். குடையைப் பிடித்தபடி வெடிப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பும்போது ஜீப்பில் மெல்லக் கேட்டார்: "எம் பேர்ல தப்பு இருக்கோ ஓய்?"

"விதிப்படி இல்லீங்க சார்," என்றேன்.

கல்பாத்தித் தேருக்குப் போனால் இப்போதும் அவரைப் பார்க்கலாம். என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார். நானும் அதைத்தான் செய்வேன்.

முதல் மழைக்காலம் முடிந்தது. நான் ஓய்வுபெற்றேன். சான்று வேண்டுமென்று க்வார்ட்டர்ஸைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறை வந்து சேர்ந்தேன். படங்கள் மட்டும் என்னை விடவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அந்த வேலை ஒட்டவில்லை. ஞானராஜ் படத்தை என் போனுக்கு அனுப்புவார். நான் எண் போட்டு, தனித்தனி டிஸ்க்குகளில் ஏற்றி, அளவைத் தாளிலும் எழுதி, மாவட்டத்துக்கு மெயில் செய்வேன். அந்த அதிகாரிப் பெண் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு மெயில் முகவரி. மழை எச்சரிக்கை வந்தால் ஏழாம் லைன்காரர்களை எஸ்டேட் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறார்கள். வானம் வெளுத்தால் திருப்பி அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேண்டுமே.

இது இரண்டாவது மழைக்காலம். இந்த மாதம் முதல் ஞாயிறு ஞானராஜ் கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். மேட்டுப் பக்கத்து ஆணி படத்துக்குள்ள வரமாட்டேங்கு."

"புரியலீங்க."

"ஓரத்துல போயிட்டு. பாதி ஆணிதான் தெரியுது. டேப்ப இழுத்தா அங்கிட்டு நம்பரே விழ மாட்டேங்கு. தூண விட்டுட்டு, போனக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பிடிச்சு எடுக்கட்டா?"

பின்னால் போய் எடுத்தால் அது வேறு வரிசை. மறுபடி ஒன்று, முதல் மழைக்காலம். தூணிலேயே வைத்து எடுத்தால் படத்தில் அளவு இல்லை. அந்தக் குறிப்பை எழுதியவன், வெடிப்பு எவ்வளவு பெரிதானாலும் படத்துக்குள் அடங்கும் என்று நினைத்திருக்கிறான்.

"ஞானராஜ், படமெல்லாம் வேண்டாமுங்க. நீங்க எஸ்தரம்மாவக் கூட்டிட்டு இப்பவே அங்கிருந்து கெளம்புங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. எஸ்தர் பேசினார்.

"எங்க கெளம்ப ஐயா? மழ நின்னுட்டுன்னு நேத்துத்தான் ஸ்கூல்லேருந்து அனுப்புனாங்க. இன்னைக்கு வெயிலு அடிக்கி. வெயில்ல போயி நின்னா உள்ள விடுவாங்களா?"

"மக ஊட்டுக்குப் போலாமுங்களே, போடிக்கு."

"போனா ஆரு டேப்பு பிடிக்க?" என்றார். பிறகு அவரே, "இவரு வரமாட்டாரு ஐயா. அழிச்சது நான்தான, நான் எடுத்துக் குடுத்துட்டுத்தான் வருவேங்காரு. கிறுக்கு மனுசன்."

பின்னாலிருந்து ஞானராஜின் குரல் கேட்டது. நேரம் போகுது, சீக்கிரம் கேட்டுச் சொல்லட்டி, தள்ளியா தள்ளாமலா?

தூணிலேயே வைத்து எடுக்கச் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

படம் வந்தது. இந்தப் பக்கத்து ஆணி, நடுவில் கறுப்பு, அதன் மேல் இழுத்த டேப், ஓரத்தில் எஸ்தரின் விரல்கள். மேட்டுப் பக்கத்து ஆணியில் ஒரு கீற்றுத்தான் தெரிந்தது. எண் போட்டேன். மாவட்டத்துக்கு மெயில் எழுதினேன்: மேட்டுப் பக்கத்து ஆணி படத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது, தாண்டியதே இந்த மாத அளவு, இனி அடுத்த படத்துக்குக் காத்திருக்காமல் அந்தக் குடும்பங்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும். தெளிவான மூன்று வரி. ராமநாதன் சார்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார். எஸ்டேட் மேனேஜருக்கும் போன் செய்தேன். மாவட்டம் என்ன சொல்கிறதோ அப்படிச் செய்யலாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. படம் முழுமையாக இல்லை, இரண்டு ஆணிகளும் தெரியும்படி மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று இருந்தது.